இடது பக்கம் ஒரு சாண்

"போதும்" என்றாள் வயலின்காரி. அளப்பவள் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டு அளவுகோலைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். போன வாரத்தைவிட ஒரு சாண் குறைந்திருந்தது.

சாப்பாட்டைக் கண்டாலே நடுங்கும் பெண்கள் தங்கி வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை அது. தங்கள் உடம்பை அவர்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அளப்பவளின் வேலை. அறை நடுவே ஆளுயரப் பலகைகள் இரண்டு. பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால், சக்கரங்கள் கிறீச்சிட, நடுவில் இடைவெளி மெல்ல அகலும். தோள் உரசாமல் நேராக நுழைய இவ்வளவு போதும் என்று தோன்றும்போது எதிரே நிற்கும் பெண் சொல்ல வேண்டும். ஒருத்தியும் சரியாகச் சொன்னதில்லை. எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு பீரோ நுழையும் அளவுக்கு இடம் கேட்பார்கள். வார்டு முழுக்க வயலின்காரி என்று கூப்பிட்ட இந்தப் பெண்ணும் ஐந்து வாரமாக ஒரு சாண் கூடுதலாகவே கேட்டுவந்தாள். இன்றைக்கு இம்மி பிசகவில்லை.

"அடி சக்கை! டாக்டர் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு பாரு."

வயலின்காரி சிரிக்கவில்லை. "இன்னிக்கு எனக்கு மட்டும்தானே கேட்டேன், அக்கா. இத்தனை நாளும் அவளுக்கும் சேர்த்துல்ல கேட்டேன்."

"எவளுக்கு?"

"என் இடது பக்கமா ஒட்டிக்கிட்டே வருவாளே, அவளுக்கு. போன வாரம் உங்க கூட போயிட்டா." தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கூப்பிடக்கூட இல்ல. போனா போதும்னு இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க அக்கா."

நல்ல கதை, என்று மனசுக்குள் அதட்டிக்கொண்டாள் அளப்பவள். ஆனாலும் பலகைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி கேட்ட இடைவெளி அடுத்தவள் கண்ணில் படக் கூடாது; அதனால் அளந்ததுமே பலகைகளைச் சேர்த்து மூடிவிட்டு ஓரமாகச் சுற்றித்தான் வெளியே போக வேண்டும். பதினோரு வருடமாக அதை மீறியதில்லை. போன வாரம் மட்டும், சாவியில்லாமல் வாசலில் நிற்கிறேன் என்று மகள் போன் செய்ய, இவள் கேட்ட இடைவெளி வழியாகவே புகுந்து ஓடினாள். தாராளமாக இடம் இருந்தது. இருந்தும் இடது தோளில் ஏதோ உரசியது. கைப்பை வார் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அந்தத் தோளில் ஒரு கனம், வலி.

வீட்டு மாடிப்படியில் சாயங்கால வெளிச்சம் மங்கிக் கிடந்தது, யார் வீட்டிலோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஈரத்துணி வாடையடித்தது. பாதி ஏறியபோதுதான் உறைத்தது. தோள் வலிக்கவில்லை. காலையிலிருந்தே வலிக்கவில்லை. மகள் தைலம் தேய்த்துவிட்ட பிறகு.

மிச்சப் படிகளை ஓடியே ஏறினாள்.

மேசைமேல் காலையில் மகளுக்குக் கட்டிவைத்த டிபன் டப்பா, மூடியபடியே. படுக்கையறையின் இரட்டைக் கதவு அகலத் திறந்திருந்தது. மகள் வெளியே வந்தாள். நேராக அல்ல. தோளைத் திருப்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில்.

"ஏன்டி இப்படி வர்றே?"

"இடம் பத்தலம்மா."

வேண்டாம், கேட்காதே என்றது அளப்பவளின் மனம். பதினோரு வருடம் அளந்த கைக்கு வேறொன்றும் தெரியவில்லை. மகளை மறுபடி உள்ளே நிறுத்தினாள். கதவுகளைச் சேர்த்தாள்.

"நான் திறக்கத் திறக்கப் பாரு கண்ணு. நேரா வர எவ்வளவு போதும்னு சொல்லு."

திறந்தாள். மெதுவாக.

மகளின் தோள் அகலம் வந்தது. சொல்லவில்லை.

ஒரு சாண் கூடுதல். சொல்லவில்லை.

"சொல்லுடி, கண்ணு. போதும்னு சொல்லு."

இரண்டு கதவும் சுவரில் இடித்து நின்றன. அதற்குமேல் திறக்க வழியில்லை.

மகள் தன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்மா."