பதினேழாம் அறைக் காற்று

பதினேழாம் அறைச் சுவரில் இருந்த காற்றுப் பெட்டி 414 காட்டியது. அங்கேதான் அவனுக்கு முதலில் இடித்தது.

கையகலப் பெட்டி அது. ஓர் அறையில் ஆட்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று எண்ணில் சொல்லும். வெட்டவெளியில் வைத்தால் நானூற்றுச் சொச்சம். பத்துப் பேரை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால் அரை மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டும். ஜன்னலும் திறக்காவிட்டால் இரண்டாயிரம், மூவாயிரம் என்று எகிறும். தொற்றுக்குப் பயந்து ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்த பள்ளிகளைத் திரும்பத் திறக்கும்போது வகுப்புக்கு ஒன்று மாட்டியே ஆகவேண்டும் என்று மாவட்டக் கல்வி அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. இருபத்து நாலு அறையிலும் மாட்டியவன் ஏணிதான்.

ஏணி என்பது அவன் பெயர் இல்லை. குழாய், விளக்கு, விசிறி, கழிவறைத் தாழ்ப்பாள் என்று பள்ளியின் பராமரிப்பு முழுக்க அவன் தலையில்தான். எந்நேரமும் தோளில் ஏணியோடு திரிந்ததால் டீச்சர்களுக்கு ஏணி, பிள்ளைகளுக்கு ஏணி மாமா. பெற்ற மகளே பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் குறும்புக்கு அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டாம் வகுப்பு, பதினேழாம் அறை, முதல் பெஞ்ச்.

கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். பதினான்கு பிள்ளைகள், ஒரு டீச்சர். வெளியே விடியற்காலையிலிருந்து விடாத மழை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சாத்தியிருந்தன என்று சொல்வதே மரியாதைக்குத்தான், பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துச் சட்டத்தோடு ஒட்டிப்போய் அவை திறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. உள்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கூரை மோட்டாரும் எப்போதோ கருகிவிட்டது. பிள்ளைகள் உள்ளே போனது ஒன்பது மணிக்கு. இப்போது பதினொன்று. பெட்டி இந்நேரம் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியிருக்க வேண்டும்.

"சனியன், முதல் நாளே படுத்துக்கிச்சா" என்று முணுமுணுத்தான். ஆனால் 414 அவனுக்குத் தெரிந்த எண். அதைப் பிறப்பித்தவனே அவன்தான்.

சனிக்கிழமை நடந்தது இது. ஒவ்வோர் அறையிலும் ஆளை உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் பெட்டியைப் பார்த்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு மாலைக்குள் அனுப்ப வேண்டும். "மேல இருந்து நெருக்குறாங்க. திங்கக்கிழமை திறந்தாகணும். நம்பர் நல்லா இருக்கட்டும், என்ன?" என்றார் தலைமையாசிரியை, அவன் முகத்தைப் பார்க்காமலே. புரிந்துகொள்ள அவனுக்கென்ன மூளையா இல்லை? ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு விளையாட்டுத் திடலில் போய் நின்றான். 420 காட்டியது. மரத்தடியில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே 421, 419, 423 என்று ஒன்றிரண்டை ஏற்றி இறக்கி இருபத்து நாலு அறைக்கும் எழுதித் தள்ளினான். பதினேழாம் அறைக்கு வந்தபோது மகள் ஞாபகம் வந்தது. செல்லத்துக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் குறைத்து 414 போட்டான். அப்பன்காரன் பாசம்!

அன்று மாலை மனைவி கேட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூச்சுக்குத் தவித்தவர்களை ஒன்றரை வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தவள். மகளுக்கோ பிறந்ததிலிருந்து வீசிங்.

"ரூம்ல காத்து வருதா? நீயே அளந்து பார்த்தியா?"

"பார்த்தேன்டி."

"உன் கண்ணால?"

"பாப்பா மேல சத்தியம். போதுமா?"

அவள் மகளின் யூனிபாரத்தை எடுத்து இஸ்திரி போடப் போனாள்.

இப்போது கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கையை மட்டும் நீட்டி, பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினான். சாமான் அறைக்குக் கொண்டுபோய் அதன் முகத்தில் ஊதினான். எண் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்து இருநூறு என்று சிட்டாகப் பறந்தது. பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. திரும்பவும் தாழ்வாரம் வழியாக நடந்தான். எழுநூறு, அறுநூற்று ஐம்பது. பதினேழாம் அறை வாசல்படியைத் தாண்டிக் கையை நீட்டியதும் யாரோ தலையில் தட்டி உட்கார வைத்த மாதிரி எண் இறங்கியது. 414.

அவன் மற்ற அறைகளைப் பார்க்கக் கிளம்பினான். ஒன்றாம் அறை, 421. இரண்டாம் அறை, 419. மூன்றாம் அறை, 423. சனிக்கிழமை எழுதிக் கொடுத்த தாளின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தான். விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டே போனான். பன்னிரண்டாம் அறை வந்தாயிற்று. ஓர் எண் கூட மாறவில்லை.

அப்போதுதான் காதில் விழுந்தது, அல்லது விழ வேண்டியது விழவில்லை என்று உறைத்தது. முந்நூறு பிள்ளைகள் ஒன்றரை வருடம் கழித்துச் சிநேகிதர்களைப் பார்க்கிற முதல் நாள், கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டிய நாள், தாழ்வாரத்தில் மழைச் சத்தம் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது, அதற்கு அடியில் கரும்பலகையில் சாக்பீஸ் கீறும் சத்தம், நோட்டுத் தாள் புரளும் சத்தம், எங்கோ ஒரு பென்சில் உருண்டு விழும் சத்தம். பேச்சு இல்லை. சிரிப்பு இல்லை. இருமல் கூட இல்லை. காலையில் பதினேழாம் அறை டீச்சர் வாசலில் நின்று, "இதுங்களை அடக்குறதுக்குள்ள என் தொண்டை போயிடும் பாருங்க ஏணி" என்று சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனார். இப்போது அவர் பலகையில் எழுதுகிறார், பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள்.

அவன் உள்ளே போனான்.

சானிட்டைசர் வாடை, புதுப் பெயின்ட் வாடை. மழையில் நனைந்து வந்த பதினான்கு பிள்ளைகள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அறைக்கு ஒரு வெதுவெதுப்பு வந்திருக்கும், ஈர உடுப்பும் தலை எண்ணெயும் சாப்பாட்டு டப்பாவும் கலந்து ஒரு நெடி அடித்திருக்கும். அதெல்லாம் இல்லை, ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே குளிர்ந்து கிடந்தது அறை. மேஜைக்கு மேஜை நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் தடுப்புகளில் ஒரு பொட்டு ஆவி இல்லை. மகளுக்கு முன்னால் போய்க் குனிந்தான். அவளுடைய மெல்லிய துணி மாஸ்க் மூக்கின் மேல் அசையாமல் கிடந்தது. உள்வாங்கவில்லை, புடைக்கவில்லை. ராத்திரி ராத்திரி அவனும் மனைவியும் விழித்துக் கிடந்து கேட்கும் அந்த விசில், மழை நாளில் அவள் நெஞ்சுக்குள் கட்டாயம் ஊதும் விசில், அது இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிரித்தது. எழுதப் போய்விட்டாள்.

பாப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. உதடுதான் அசைந்தது. அப்போதுதான் தன் நெஞ்சைக் கவனித்தான். அது அசையவில்லை. எப்போது நின்றது? தெரியவில்லை. திணறல் இல்லை, வலி இல்லை. சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவனைப் பிடரியில் அடித்து வெளியே துரத்தியது. தாழ்வாரத்தில் போய் விழுந்ததும் நெஞ்சு கிழிவது போல் காற்று உள்ளே ஏறியது. தரையில் கையூன்றி இருமினான், இருமினான், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

எழுந்ததும் தலைமையாசிரியை அறைக்கு ஓடினான். அவர் போனில் பேசி முடித்த கையோடு பூரித்துப் போயிருந்தார்.

"ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. மாவட்டத்துலயே நம்ம ஸ்கூல் நம்பர்தான் பெஸ்டாம்!"

"மேடம், பதினேழாம் ரூம்ல…"

"என்ன, காத்து சரியில்லையா?"

"நம்பர் சரியாத்தான் இருக்கு மேடம். அதான் மேடம்…"

"சரியா இருந்தா எதுக்குய்யா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற?"

"சனிக்கிழமை நான் எழுதினது…"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ அளந்த. நீ கையெழுத்துப் போட்ட. நான் அந்தப் பக்கமே வரல. ஏதாவது மாத்திச் சொல்லணும்னா இப்பவே சொல்லு, போன் போட்டுத் தர்றேன். வேலையும் போகும், கம்பியும் எண்ணுவ. என்ன, சொல்லப் போறியா?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். அவன் தன் செருப்பைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இல்ல மேடம். என் பொண்ணை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நம்ம ஆளே பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா மத்தவங்க என்ன நினைப்பாங்க? மூணு மணிக்குப் பெல் அடிக்கும், எல்லாரோடயும் போகட்டும்."

மூன்று மணி வரை யாரும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது தொற்றுக்கால விதி. சாப்பாடும் பெஞ்சிலேயே. அவன் சாமான் அறையில் போய்க் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்துகொண்டான். கோழை. மனைவி இரண்டு தடவை போன் அடித்தாள், எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தான்.

"பாப்பா எப்படி இருக்கா? வீசிங் வந்துச்சா?"

"வரல."

"ஒரு வாட்டி கூட?"

"ஒரு வாட்டி கூட."

"அப்பாடா!" என்றாள் அவள். அந்த அப்பாடாவைக் கேட்டு அவனால் தாங்க முடியவில்லை. மணி இரண்டே முக்காலைத் தாண்டியிருந்தது.

வாசலிலேயே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு பதினேழாம் அறைக்குள் ஓடினான். சாப்பாட்டு டப்பாக்கள் ஒன்று கூடத் திறக்காமல் வரிசையாக இருந்தன. மகளையும் அவள் பையையும் வாரித் தூக்கினான். டீச்சர் பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை. வாசலைத் தாண்டி, தாழ்வாரத் தரையில் அவளை மடியில் போட்டு, மாஸ்க்கைப் பிடுங்கினான்.

"இழு பாப்பா. மூச்சை இழு. அப்பா சொல்றேன்ல. இழு தங்கம்."

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் உள்ளே போகவில்லை. எப்படி என்று மறந்துபோனவள் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு வெளுத்தது. சாம்பல் ஆனது. நீலம் ஏறியது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினான். ஒன்று. இரண்டு. மருந்துப் புகை நாக்கில் பட்டு அப்படியே வெளியே வந்தது. கண் செருகியது. கை மட்டும் எழுந்தது. அவனைப் பிடிக்க இல்லை. வகுப்பைக் காட்ட.

"வேணாம்டா தங்கம்… அங்க வேணாம்டா…"

கால் துடித்தது. அப்புறம் துடிப்பும் குறைந்தது.

அவனே தூக்கிக்கொண்டு போனான். அவனே பெஞ்சில் உட்கார வைத்தான். உதட்டில் நிறம் திரும்பியது. அவள் மாஸ்க்கை ஒழுங்காக மாட்டினாள், பென்சிலை எடுத்தாள், விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள். அவன் பின்னோக்கி நடந்தே வெளியே வந்தான்.

கடிகாரம் இரண்டு ஐம்பத்தெட்டு.

திடலுக்கு அப்பால் கேட்டில் குடைகள். அம்மாக்கள், அப்பாக்கள், மாமாக்கள். ஒன்றரை வருடத்துக்கு அப்புறம் பள்ளி விட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகிற முதல் நாள். சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், படம் எடுக்க.

அறைக்குள் பைகளை மாட்டும் சத்தம். ஜிப் இழுக்கும் சத்தம். எல்லா அறையிலும்.

பெல் சுவிட்ச் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில். ஓடலாம். கத்தலாம். கதவைத் திறக்காதீங்க என்று ஒரு கத்து. ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும். அவன் அதை யோசித்தான். அதற்குள் பெல் அடித்தது.

வெளிப்பக்கம் திறக்கும் கதவு. முதுகைக் கொடுத்துச் சாய்ந்தான். காலைத் தரையில் உதைத்து ஊன்றினான். பதினேழாம் கதவு அசையவில்லை. பின்னால், இடுப்பு உயரத்தில், ஒரு சின்னத் தட்டல். அவசரம் இல்லாத தட்டல்.

முன்னால் மற்ற கதவுகள் திறந்தன. இருபத்து மூன்று. ஒன்றாம் அறை முதலில். ஒரு கை தூரம் விட்டு, வரிசையாக, காலையில் சொல்லிக் கொடுத்தபடியே. முதல் பிள்ளை வாசல்படியைத் தாண்டியது. கேட்டில் அம்மாவைப் பார்த்தது. கையைத் தூக்கி ஆட்டியது. மாஸ்க்குக்கு மேலே கண் விரிந்தது. மண்டியிட்டது.

அடுத்த பிள்ளை ஒரு கை தூரம் விட்டு அதைச் சுற்றி நடந்து வந்தது. அதற்கடுத்தது இரண்டையும் சுற்றி வந்தது.

கேட்டில் இன்னும் சிரித்துக்கொண்டு கையாட்டினார்கள். ஏணி முதுகை இன்னும் அழுத்தினான். பின்னால் தட்டினார்கள், இப்போது பதினான்கு பேரும்.