ஒரு கையில் தூக்கிய பெட்டி

ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றும் கடையில் போன் அடித்தது.

கடைக்காரம்மா தாமிரக் கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

“யாரு?”

“நான்தாங்க்கா... மத்தியானம் ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்டு வந்தேனே...”

குரல் கிசுகிசுப்பாக வந்தது. பேசுகிறவளுக்குப் பல் கிட்டிப்போகிற அளவு நடுக்கம்.

“சொல்லும்மா. வீட்டுல இருக்கற பெட்டியத் தூக்கிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“தூக்க முடிஞ்சுதா?”

“ஒரு கையில தூக்கிட்டேங்க்கா...”

கடைக்காரம்மா ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“வாசக் கதவு சாத்தியிருக்கா?”

“இருக்கு. அக்கா... அப்ப என் வீட்டுக்காரர்...”

“ஆமாம்மா. அவர் தானா சாகலை.”

போனின் மறுமுனையில் நடுங்கியவளைத் தெருவில் எல்லோரும் ‘சால்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஈயம் வைத்தால் முத்து மாதிரி உட்காரும். கணவர் பழைய ரேடியோக்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் வீட்டு முன்னறையிலேயே பழுது பார்த்தார். சால்டரிங் வேலை முழுவதும் இவளுடையது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். டீ டம்ளரோடு முன்னறைக்கு வந்தாள்.

அவர் வேலை மேஜைக்கும் இரும்பு ரேக்குக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். ஒரு கை ரேடியோவின் தகட்டில். இன்னொரு கை ரேக்கில்.

விபத்து என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். கரண்டோடு மல்லுக்கட்டுகிற மனிதர் கரண்டில் செத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அவளும் படவில்லை. அழுதாள். பிறகு அடுப்பு எரிய வேண்டுமே என்று அதே மேஜையில் உட்கார முடிவு செய்தாள். ஆனால் கணவர் வைத்திருந்த பழைய பெட்டியைத் தொட மனசு வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கத்தான் காயில் கடைக்குப் போனாள்.

“எதுக்கும்மா ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர்?” என்று கேட்டிருந்தாள் கடைக்காரம்மா.

“வீட்டுல ரிப்பேர் பண்றதுக்கு. பெரிய ஆம்ப்ளிஃபயர்னா ஐந்நூறு வாட்ஸ் இழுக்கும்.”

“அப்ப ஆயிரமா எடு. மூச்சு வாங்காம ஓடும். இன்னொண்ணு கேட்டுக்கோ. சில பெட்டியில வெளிய வர்ற ரெண்டு கம்பியில ஒண்ண உள்ளயே எர்த்தோட சேத்து வெச்சிருப்பான். அது உன் வேலைக்கு ஆகாது. ரெண்டும் அந்தரத்துல நிக்கணும். அப்பதான் தெரியாம ஒண்ணத் தொட்டாலும் கரண்ட் உன் வழியா எர்த்துக்கு ஓடாது.”

“ரெண்டையும் தொட்டா?”

“தொட்டா அப்புறம் கடைக்கு வர மாட்டே.”

சால்டர் அக்கா சிரிக்கவில்லை.

“என் வீட்டுக்காரர்கிட்டயும் இதே ஆயிரம் வாட்ஸ் பெட்டி இருக்குக்கா. அதுல வேலை செய்யும்போதுதான்... ஒரு கை தகட்டுல, ஒரு கை ரேக்குல...”

கடைக்காரம்மாவின் நெற்றி சுருங்கியது.

“ரேக்கு எர்த்து மாதிரிதான். ஆனா பெட்டி ஒழுங்கா இருந்தா அப்படி நடக்காதேம்மா.”

“நல்லாத்தான் இருக்கு. ஸ்விட்ச் போட்டா ‘உம்’முனு சத்தம்கூட வருது.”

“சத்தம் கிடக்கட்டும். இதத் தூக்கு.”

சால்டர் அக்கா கடையில் இருந்த ஆயிரம் வாட்ஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். முழங்கால் வரைதான் வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

“அவ்வளவும் இரும்பும் தாமிரமும். வீட்டுக்குப் போய் உன் பெட்டியத் தூக்கிப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணு.”

பண்ணிவிட்டாள். இப்போது பெட்டியின் மூடியையும் திறந்துவிட்டாள்.

உள்ளே கிட்டத்தட்ட காலி!

ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர். சும்மா ‘உம்’ என்று பாடுவதற்கு மட்டும். சுவரிலிருந்து வரும் கம்பி கறுப்பு டேப்பில் சுற்றப்பட்டு நேராக அவுட்புட்டுக்குப் போனது. நம்பிக் கைவைத்தவரைக் கொல்வதற்கென்றே செய்த வேலை.

பெட்டி வீட்டை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை, அவர் சாவதற்குச் சில நாள் முன்னால். ப்ளக் மாற்ற வேண்டும் என்று அவள் கொழுந்தன் தூக்கிக்கொண்டு போனான். வயரிங் வேலை செய்கிறவன். மூக்கு நுனியில் கோபம். முன்னறை தனக்கு வேண்டும் என்று அண்ணனோடு மாதக்கணக்கில் முட்டிக்கொண்டவன். அண்ணன் போன பிறகு வரும்போதெல்லாம் ஒரே பாட்டு. “அந்தப் பெட்டியத் தூக்கிப் போடுங்க அண்ணி.”

ஆனால் தனக்கு நேரமில்லை என்று, பழுதான ப்ளக்கோடேயே அவன் அதை மீட்டரிடம் கொடுத்திருந்தான். கணவரின் நெடுநாள் கூட்டாளி. சட்டைப் பையில் எப்போதும் மல்டிமீட்டர் இருக்கும், அதனால் மீட்டர். வேலை முடிந்து பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். ஆனால் மீட்டரைப் போய்ச் சந்தேகப்படுவதா? தினமும் வந்து எட்டிப் பார்க்கிற ஒரே ஆள். “சிஸ்டர், அந்தப் பழைய பெட்டியத் தொடாதீங்க, நானே புதுசு கொண்டு வர்றேன்” என்று கெஞ்சியவர்.

ஆக, கொழுந்தன்.

சொந்த அண்ணனை...

இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியைத் தள்ளி நின்றே பார்த்தார்.

“எனக்கு வீட்டுல ஃபேன் ஸ்விட்ச் போடறதுக்கே பயம்மா. சரி, ரெண்டு பேர் கையில இது இருந்திருக்கு. யாருன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு பேர்கிட்டயும் கறுப்பு டேப் இருக்கும்.”

“ஒரு வழி இருக்கு சார். உள்ள காலின்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் வாயாலயே அது வரணும்.”

“எப்படி வரும்?”

சொன்னாள். இன்ஸ்பெக்டர் ஓர் அடி பின்னால் போனார்.

“இது விஷப்பரீட்சைம்மா.”

“தெரியும் சார். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவன் அடுத்து என்ன பண்ணுவான்னு தெரியாம இந்த வீட்டுல தூங்கறது இதவிடப் பயமா இருக்கு.”

காயில் கடைக்காரம்மா பழைய பெட்டிக்குள்ளேயே அசல் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பொருத்திக் கொடுத்தாள். அவுட்புட் கம்பி ஒன்றுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பைப் பிடித்துக் காட்டினாள். எரியவில்லை. அடுத்த கம்பி. எரியவில்லை. இரண்டு கம்பிக்கும் நடுவில் பிடித்தாள். பளிச்சென்று எரிந்தது.

“சரியா இருக்கு. தொட்டா லேசாக் கூசும், பயப்படாதே. யார்கிட்டயும் மூச்சு விடாதே. சொன்னா நடிச்சுடுவாங்க.”

மறுநாள் காலை.

முன்னறை வாசலில் கைகட்டி நின்றான் கொழுந்தன். மேஜைக்கு எதிரே மீட்டர். சாட்சிக்கு ஒரு நல்ல மனிதர் இருக்கட்டும் என்றுதான் அவரைக் கூப்பிட்டிருந்தாள். உள்கதவுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர்.

“எதுக்கு வரச் சொன்னீங்க அண்ணி?”

“இன்னையிலேர்ந்து நான் வேலைய ஆரம்பிக்கறேன் தம்பி. உங்க அண்ணன் பெட்டியிலயே.”

ஸ்விட்சைத் தட்டினாள்.

உம்ம்ம்...

“சிஸ்டர், அது வேணாம்னு...” என்று ஆரம்பித்தார் மீட்டர்.

“ஒரு டெஸ்ட் பண்ணிடறேன் அண்ணே. ஐசொலேஷன் பெட்டிதானே? ஒரு கம்பியத் தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

இடது கையை இரும்பு ரேக்கில் வைத்தாள். அவர் வைத்த அதே இடம். இரும்பு சில்லென்றிருந்தது.

வலது கை கம்பியை நோக்கிப் போனது. போக மறுத்தது. பல்பு எரியாததைக் கண்ணால் பார்த்தவள்தான். ஆனாலும் கண் சொன்னதைக் கை கேட்கவில்லை. ராத்திரி யாராவது உள்ளே வந்திருந்தால்? ஏதாவது ஒரு கம்பி நழுவியிருந்தால்?

கொழுந்தனைப் பார்த்தாள். அவன் அசையவில்லை. கண்கொட்டாமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

‘பாவி... சாகட்டும்னு நிக்கறான்!’

கண்ணை மூடிக்கொண்டாள்.

தொட்டாள்.

சுருக்!

செத்தேன் என்றே நினைத்தாள்.

“கையை எடு! உள்ள ஒண்ணுமே கிடையாது... லைன் நேரா வருது!”

நாற்காலி உருண்டது. யாரோ மேஜை மீது பாய்ந்து மெயின் ஸ்விட்சை இழுத்தார்கள். ‘உம்’ நின்றது.

சால்டர் அக்கா கண் திறந்தாள். கை கம்பியில்தான் இருந்தது. உயிரும் இருந்தது.

மெயின் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்றவர்... மீட்டர்!

அவள் கம்பியிலிருந்து விரலை எடுத்தாள்.

“உள்ள ஒண்ணும் கிடையாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?”

மீட்டர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மல்டிமீட்டர் நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“என்னை ஏமாத்திட்டியே...”

“சிஸ்டர்னு கூப்பிட மறந்துட்டீங்க.”

“என்னைக்கு நான் உன்னை அப்படி நெனச்சேன்? அவன் உன்னை ஈயப் புகையில உக்கார வெச்சுக் கரைச்சான். நான் உன்னை ராணி மாதிரி...”

“வாயக் கழுவுங்க. அவர் பக்கத்துல உக்காந்து வேலை செய்யறது எனக்குப் பிடிச்சிருந்தது.” அவள் குரல் உடைந்தது. “அதை யார் உங்ககிட்ட அளந்து பாக்கச் சொன்னது?”

உள்கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை, காலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். மழை இல்லை.

“எல்லாம் காதுல விழுந்துச்சு. வாங்க மீட்டர்.”

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. சால்டர் அக்கா அப்படியே ஸ்டூலில் சரிந்தாள். இப்போதுதான் அழுகை வந்தது, அடக்க முடியாமல். இத்தனை நாள் விபத்துக்கு அழுதவள், முதல் தடவையாகக் கணவருக்காக அழுதாள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது கொழுந்தன் அதே வாசலில், கட்டிய கையோடு, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“என்னை மன்னிச்சுக்குங்க தம்பி. உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். பெட்டியத் தூக்கிப் போடச் சொல்லிக்கிட்டே இருந்தீங்களா...”

“அண்ணனைக் கொன்ன பெட்டி அண்ணி. பாத்தாலே வயிறு எரிஞ்சுது, அதான்.”

“ஆனாலும் நீங்க ஒருத்தர்தான் பதறாம நின்னீங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் மேல அவ்வளவு நம்பிக்கையா?”

கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு காலை எடுத்துவைத்துப் பார்த்தான்.

“நம்பிக்கையாவது மண்ணாவது, அண்ணி. கத்தணும்னுதான் வாயத் திறந்தேன், சத்தம் வரலை. ஓடி வரலாம்னா காலும் வரலை. வந்திருந்தா இந்நேரம் ஜீப்புல நான்ல போயிட்டிருப்பேன்!”