ஏழு பழுப்பு ஒட்டுகள்

கோட்டுச்சேரியில் நீலாயதாட்சி நடத்தும் பரிசோதனைக்கூடத்துக்கு ஆஸியா பீவி ஆட்டோவில்தான் வந்தார். ஆனால் இரண்டு தெரு தள்ளியே இறங்கி நடந்தார். எழுபத்திரண்டு வயதிலும் வளையாத முதுகு. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், கைக்குட்டையை மேசைமேல் பிரித்தார். பாசிப்பயறு அளவில், பசை தடவிய ஏழு பழுப்பு ஒட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வால்.

"எந்தம்பி சேக் அலாவுதீனுக்கு வலது காதுல நாலு மாசமா சீழ். சொட்டு மருந்து விட்டா காயுது, பத்து நாள்ல திரும்ப வருது. மருந்து விடுறது அவன் மருமவ ஜொஹரா. விட்ட பிறகு அரை மணி நேரம் அவனுக்குக் காதே கேக்குறதில்ல. இது புட்டி சீலு. குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தா. சீலை உரிச்சு வேற எதையோ ஊத்துறா!"

"அவங்க ஏன் அப்படிச் செய்யணும்?"

"துபாய்ல இருக்க புருசன்கிட்ட போகணும்னு நின்னா. தம்பி விடல. வெள்ளிக்கிழமை அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் போறேன். காதும் காதும் வச்சாப்புல முடியணும், டாக்டரம்மா. எங்க வீட்டுப் பேச்சு தெருவுல கேட்டதில்ல."

உதவியாளர் நித்யஸ்ரீ துள்ளினாள். "காது டாக்டர் அனுப்பின அந்தச் சீழை நான்தான் பரிசோதிச்சேன்! பாக்டீரியா, பூஞ்சை ரெண்டுமே இருந்துச்சு. பாதி மருந்துகளுக்கு அந்த பாக்டீரியா அசையவே இல்ல. மருந்துல கலப்படம்தான் மேடம்!"

"முதல்ல வீட்டைப் பார்ப்போம்" என்றார் நீலாயதாட்சி.

மறுநாள் நீலாயதாட்சியும் நித்யஸ்ரீயும் அலாவுதீன் வீட்டுக்கு வந்தபோது ஆஸியா பீவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஜொஹராவின் பெட்டி ஏற்கெனவே கதவோரம் வந்திருந்தது. மருந்து விட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. நீலாயதாட்சி அலாவுதீனின் முதுகுப் பக்கம் நின்று இருமுறை கூப்பிட்டார், அவர் திரும்பவில்லை. எதிரே வந்து கேட்டதும், அலாவுதீன் அவருடைய உதட்டையே பார்த்துப் பதில் சொன்னார்.

பிரிக்காத மருந்துப் புட்டி ஒன்றை நீலாயதாட்சி கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூடியில் பிளாஸ்டிக் வளையம் இருந்தது. ஒட்டு எதுவும் இல்லை.

அரை மணி கழித்து, லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு முன் கைகால், முகம், காது நனைத்து ஒளுச் செய்ய அலாவுதீன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். வெளியே வந்தபோது, அடுப்படியில் ஜொஹரா மெல்லிய குரலில் "மாமா, டீ போடவா?" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமலே, "சர்க்கரை வேணாம்" என்றார்.

தொழுகை முடிந்ததும் நீலாயதாட்சி மூவரையும் கூடத்தில் உட்காரவைத்தார்.

"மருந்து விட்டது வலது காதுல. அப்ப இடது காதுக்கு என்ன ஆச்சும்மா? அதுவும் ஏன் கேக்கல?"

ஆஸியா பீவி தம்பியின் இடது காதைப் பார்த்தார்.

"ரெண்டு காதுமே மந்தம். வலது காதுக்குள்ள வெளியே தெரியாத காது மெஷின் இருக்கு. மருந்து விடும்போது கழற்றிடுறார். இந்த ஒட்டு அதோட பொத்தான் பேட்டரியில இருக்கிறது. உரிச்சாத்தான் பேட்டரி வேலை செய்யும். வாரத்துக்கு ஒண்ணு."

அலாவுதீனின் கை தானாகக் காதுக்குப் போனது.

"அப்ப சீழு, மேடம்?" நித்யஸ்ரீ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"மெஷின்மேல வழவழன்னு ஒரு படலம் இருக்கும். பூஞ்சை அதுல பந்தல் போடுது, பாக்டீரியா அதுக்கு மேல மெழுகு பூசுது. ஒண்ணைக் கொல்ற மருந்து வந்தா இன்னொண்ணு அதுக்கு மறைப்பா நிக்குது. சொட்டு மருந்து காஞ்சதும் அதே மெஷின் உள்ள போகுது. யாரும் பார்த்துடக் கூடாதுங்கிற அவசரத்துல, ஒளுச் செஞ்ச ஈரத்தைக்கூடத் துடைக்கிறதில்ல. காது டாக்டர்கிட்ட போறப்பவும் கழற்றிடுறார். அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்? மெஷின்ல இருந்து துடைச்சு எடுத்ததை நம்ம கூடத்துல வளர்த்துப் பாரு, அதே ரெண்டும் வரும். ரெண்டுக்கும் சேர்த்து மருந்து எழுதச் சொல்லணும். காது ஆறுற வரைக்கும் மெஷின் கூடாது. பிறகு புது மெஷின்."

"நாலு வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைக்கிறவன் நான்" என்றார் அலாவுதீன், தரையைப் பார்த்தபடி. "செவிடன் சொல்லை எவன் கேப்பான்?"

"ஒட்டை ஒளிச்சு வச்சது நீங்கதானே, ஜொஹரா?"

"கைகழுவுற தொட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கும். வேலைக்கு வர்றவங்க பார்த்தா ஊருக்கே தெரிஞ்சிடும். குப்பையில போடவும் பயமா இருந்துச்சு." ஜொஹராவின் குரல் எழும்பவில்லை. "அதாலதான் காது சீக்காவுதுன்னு தெரியாது மாமி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"உன்னைப் பழி சொன்னப்பகூட ஏன்டி வாயைத் திறக்கல?"

"மாமா மானம் போயிடுமே."

குடும்ப மானத்தைக் காப்பது தான் ஒருத்திதான் என்று ஆஸியா பீவி இத்தனை காலம் நம்பியிருந்தார். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று முணுமுணுத்தார்.

அதற்குள் மெஷினைக் கழற்றித் தேநீர்த் தட்டில் வைத்திருந்த அலாவுதீன் அக்காவைப் பார்த்தார். "என்ன சொன்ன லாத்தா? இனி ஒரு மாசத்துக்கு எனக்குச் சத்தமாத்தான் சொல்லணும்."

தெரு ஜன்னல் திறந்தே கிடந்தது. நித்யஸ்ரீ அதைச் சாத்த எழுந்தாள். ஆஸியா பீவி கையமர்த்திவிட்டு எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் ஜொஹரா! பெட்டியை உள்ள கொண்டுபோய் வை!"

எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.