நகலில் மூன்று வரிகள்

குளிர்கிடங்கின் கதவை உடைத்தபோது, லோடுமேன் விறைத்துக் கிடந்தார்.

விரல் நகமெல்லாம் ரத்தம்!

உள்ளேயிருந்து பூட்டு திறக்கவில்லை...

மாடியில், ரிப்போர்ட் தயாரிக்கிறவளின் போன் அலறியது. மெயின்டனன்ஸ் ஹெட். கூடப்பிறந்த அண்ணன்.

"ரிப்போர்ட்டெல்லாம் இன்னும் நேத்து நிலவரத்தையே காட்டுது! என்ன வேலை பார்க்கிற நீ?"

அவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

மெயின் டேட்டாபேஸை யாரும் குழப்பிவிடக் கூடாதென்று அதற்கொரு நகல் எடுத்து, ரிப்போர்ட் சாஃப்ட்வேரை அந்த நகலோடு இணைத்தவள் அவள்தான். நகலைப் படிக்கலாம். மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டு. மெயினில் நடப்பது மட்டும் நொடியில் நகலுக்கு வந்துசேரும். நேற்று மதியம் அந்தத் தொடர்பு அறுந்திருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"சாரிண்ணா... இப்பவே சரி பண்றேன்."

"சீக்கிரம்! இன்ஸ்பெக்டர் கதவு பத்தின புகார் ரிப்போர்ட் கேட்கிறார்."

"புகார் வந்துச்சாண்ணா?"

"ஒண்ணுகூட இல்ல. செத்தவனோட அஜாக்கிரதை!"

வைத்துவிட்டான்.

தொடர்பை மீட்கப் போன விரல் தயங்கியது. எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே...

நகலைத் திறந்தாள்.

மூன்று வரிகள்!

'உள்ளேயிருந்து பூட்டு திறக்கவில்லை. பயமாக இருக்கிறது.' லோடுமேன் மூன்று வாரமாகக் கொடுத்த மூன்று புகார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரிசெய்யப்பட்டது.' பக்கத்தில் அண்ணன் பெயர்.

மெயினில் தேடினாள். துடைத்து வைத்த மாதிரி வெறுமை!

தொடர்பு வந்தால் நகலிலும் அழிந்துவிடும். அதற்குத்தான் இந்த அவசரமா?

அண்ணன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"முடிச்சிட்டியா?"

"மூணு தடவை கெஞ்சியிருக்காருண்ணா! ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?"

அவன் முகம் வெளுத்தது.

"மெல்லப் பேசு... உன் காலேஜ் ஃபீஸ் கட்டினது யாரு? இந்த வேலை வாங்கிக் கொடுத்தது யாரு? நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

அவளுக்கு அழுகை முட்டியது. அப்பா போன பிறகு இவன்தான் அவளுக்கு எல்லாம். அந்த நன்றி இப்போது கசந்தது.

மெதுவாக மவுஸைப் பிடித்தாள்.

க்ளிக்!

"என் தங்கச்சி!" பெருமூச்சு விட்டான் அண்ணன்.

அவன் போன் அடித்தது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். கீழ வாங்க சார்... உங்க தங்கச்சி ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க. மூணு வரிதான். ஆனா விளக்கம் கேட்கணும்."

"அடிப்பாவி! அதை அழிச்சுத் தொலைடி!"

கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"நகலை என்னாலயும் அழிக்க முடியாதுண்ணா... இந்தக் கட்டடத்துல ஒழுங்கா வேலை செய்யற ஒரே பூட்டு அதுதான்!"