பட்டை பிரிகிற சத்தம்

சமையலறையில் யாரோ எதையோ பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்பு வாரில் ஒட்டியிருக்கும் முரட்டுப் பட்டையை அவசரமே இல்லாமல், இழை இழையாக இழுத்துப் பிரித்தால் வருமே, அந்தச் சத்தம். மூத்தவள் அடுப்பைத் தணித்துவிட்டு அசையாமல் நின்று கேட்டாள். நின்றுவிட்டது. குழாய் சொட்டியது, குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை நடுங்கி அடங்கியது, மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவ்வளவுதான். கரண்டியைத் திரும்ப எடுத்ததும், சரக்... சரக்...

"வாலு, உனக்குக் கேக்குதா?"

கூடத்தில் தங்கை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் குரல்தான் கேக்குது. தெரு முழுக்க."

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னி, பாடம் சொல்லி, அடித்து, கொஞ்சி ஆளாக்கியது மூத்தவள்தான். இப்போது இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆலைகளில் பற்றவைத்த குழாய் இணைப்புகளைக் கதிர்வீச்சால் படமெடுத்து, உள்ளே விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

அன்று மாலையே மூத்தவள் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்திப் பார்த்தாள். தூசி, ஒரு மூடி, காய்ந்த வெங்காயத் தோல். எலி இல்லை. வாலு கதவில் சாய்ந்து சிரித்தாள். "எலி உனக்குப் பயந்து வீட்டையே காலி பண்ணிட்டு ஓடிருச்சு. விடுக்கா."

ஆனால் சத்தம் விடவில்லை. துணி மடிக்கும்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. படியேறும்போது ஒரு படி பின்தங்கி வந்தது. வேலைக்குப் போகிற வேனில், யாருமில்லாத பின் இருக்கையிலிருந்து வந்தது. எங்கே கேட்டாலும் ஒரே மாதிரி: அவள் நின்று கவனித்தால் நின்றுவிடும். கவனிக்கிறாள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. அவள் தூக்கம் கெட்டாள். அறைக்கு அறை நடந்தாள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாள், எழுந்த காரியத்தை மறந்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், கட்டிலுக்கடியில் குனிந்து, வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அமைதி. நெஞ்சு முட்டி மூச்சை இழுத்தாள்.

சரக்.

மறுபடி அடக்கினாள். அமைதி. இழுத்தாள்.

சரக்.

தரையில் கைகளை ஊன்றியபடி அப்படியே இருந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. எழுந்தால் மூச்சை இழுக்க வேண்டும்.

நுரையீரல் மருத்துவர் அவள் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடியில் ஊதினால் படிவது போல ஒரு வெள்ளை மூட்டம்.

"கோடிக்கணக்கான குட்டிக் காத்துப்பைங்கம்மா நுரையீரல்ங்கிறது. சுவர் ரொம்ப மெலிசு. அதுல ஒரு வகை செல் விரிஞ்சு படுத்திருக்கும், காத்து அது வழியாத்தான் ரத்தத்துக்குப் போகும். இன்னொரு வகை வழவழன்னு ஒண்ணைச் சுரக்கும், பை ஒட்டிக்காம இருக்க. அன்னைக்கு வேலையில உங்க மேல கதிர் பாஞ்சப்போ அதுங்களுக்குள்ள இருக்கற மரபிழை, அதான் டி.என்.ஏ., அறுந்துபோச்சு."

"அப்போ அந்தச் செல்லுங்க அன்னைக்கே செத்திருக்கணுமே டாக்டர்? இத்தனை மாசம் நல்லாத்தானே இருந்தேன்?"

"சாகல. அதுங்க பாட்டுக்கு வேலை பாத்துட்டு இருந்துச்சு. செல் ரெண்டாப் பிரியற முறை வரும்போதுதான் பல செல்லுங்க விழும். அப்போ ரிப்பேர் பண்ற செல்லுங்க வரும், நார் போட்டு அடைக்கும். சுவர் தடிச்சுப்போகும். விறைச்சுப்போகும். ஒட்டின பைங்க நீங்க மூச்சு இழுக்கும்போது பிரியுது பாருங்க, அந்தச் சத்தம்தான் இது." அவர் படத்தை இறக்கினார். "அந்த ரிப்பேர் செல்லுங்களுக்குச் சில சமயம் எப்ப நிறுத்தணும்னு தெரியறதில்ல."

"இப்பவும் போட்டுட்டு இருக்கா?"

"இப்பவும்தான். வீக்கத்தை மருந்து குறைக்கும். தழும்பானது தழும்புதான்." பிறகு கேட்டார்: "அன்னைக்கு உங்ககூட வேற யாரு இருந்தா?"

அன்றைக்கு. கதிர் உமிழும் சிறு உலோகக் குண்டு கம்பியின் முனையில் போய்ப் படமெடுத்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிட்டது என்று நினைத்தார்கள். அது போய்வருகிற, வளையக்கூடிய வழிக்குழாயிலேயே சிக்கியிருந்தது. கதிர்வீச்சைக் காட்டும் அளவுக்கருவியில் பேட்டரி செத்திருந்தது. மூத்தவள் குழாயைச் சுருட்டி மார்போடு அணைத்துத் தூக்கினாள். வண்டி வரும்வரை வாலு அந்தச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலுவலகத்தில் யாரையோ கேலி செய்தபடி நின்றாள். வலிக்கவில்லை. சுடவில்லை. பின்னர் மூத்தவளுக்கு மார்பிலும் தங்கைக்கு முதுகிலும் தோல் சிவந்து, உரிந்து, ஆறியது. ரத்தப் பரிசோதனையும் சில வாரங்களில் சரியாகிவிட்டது. முடிந்தது என்றார்கள்.

"என் தங்கச்சி," என்றாள்.

"எல்லாருக்கும் வராது. ஆனா கூட்டிட்டு வாங்க. நாளைக்கே."

இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சரக். உள்ளே எண்ண முடியாத கைகள் நாரைப் போட்டுக்கொண்டே இருந்தன, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து. வாலுவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஒண்ணுமில்லடி, சும்மா ஒரு செக்கப், எலி எங்க இருந்துச்சு தெரியுமா. வாலுவுக்கு இருமல் கூட இல்லை. நேற்றுதான் இரண்டு மாடியையும் ஓடியே ஏறினாள்.

கதவைத் திறந்தாள். கூடத்தில் விளக்குப் போடவில்லை. காலையில் கழுவிய தரையின் ஈரவாடை இன்னும் இருந்தது.

சரக்.

பழக்கத்தில் நின்றாள். மூச்சை அடக்கினாள்.

சரக்.

இன்னும் இறுக்கி அடக்கினாள். உதட்டை மூடி, மூக்கைப் பிடித்து.

சரக்.

நிற்கவில்லை.

சோபாவில் வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. போன் மார்பின் மேல் கிடந்தது. அது மெல்ல உயர்ந்தது. சரக். தாழ்ந்தது. ஒன்றுமில்லை. உயர்ந்தது.

சரக்.

மூத்தவள் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நெஞ்சு எரிந்தது. காது அடைத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே ஒரு முறை கேட்டு, இல்லை என்று.

முடியவில்லை. காற்று உடைத்துக்கொண்டு உள்ளே போனது.

சரக், என்றது அவள் நெஞ்சு.

சரக், என்றது சோபா.

இருட்டில், ஒன்று முடிந்ததும் மற்றொன்று. முறை வைத்து.