ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் கொலை

"ஐயோ...!"

மூன்றாவது மாடியில் கிளம்பிய அலறல் படிக்கட்டில் உருண்டு தெருவுக்கே வந்து சேர்ந்தது.

காலை மணி பத்தேகால்.

காய்கறிப் பை வாசலிலேயே விழுந்து, தக்காளி நாலு திசைக்கும் ஓடியது. அவளுக்குத்தான் ஓடக் கால் வரவில்லை.

உள்ளே, மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் அவள் கணவர். பின்மண்டையில் ரத்தம். நாற்காலிக்கடியில் ஒரு ரென்ச். குட்டித் தராசின் விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் உயிராய் வைத்திருந்த வெல்வெட் பெட்டி திறந்து கிடந்தது.

காலி!

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு காசு. ஊரில் புழங்கும் காசுதான். நடுவில் செம்பு, இரண்டு பக்கமும் வெள்ளைத் தோல். ஆனால் இந்தக் காசுக்கு ஆலையிலேயே ஒரு பக்கத் தோலை ஒட்ட மறந்துவிட்டார்கள். பூ வெள்ளை, தலை சிவப்பு. கோடியில் ஒன்று.

மனுஷனுக்குத் தொழில், காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின்களை ரிப்பேர் செய்வது. பைத்தியம், அந்த மெஷின்கள் வேண்டாமென்று துப்பும் காசுகளைப் பொறுக்குவது. பன்னிரண்டு வருஷம் பொறுக்கினார். ஒரு நாள் கிடைத்தது.

கிடைத்த பதினைந்தாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

* * *

மறுநாள். போலீஸ் ஸ்டேஷன். மத்தியானம் இரண்டரை.

"நாலு மணிக்கு உங்க தம்பியைக் கோர்ட்ல நிறுத்தணும். அதுக்கப்புறம் என் கையில எதுவும் இல்லம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் பண்ணலை சார்! எலிப்பொறி வச்சுட்டு, எலி மாட்டினதும் பாவம்னு அவனே திறந்து விடறவன் சார்!"

"எலி வேற, அக்கா புருஷன் வேற. ரென்ச் உங்க தம்பியோடது. முந்தாநாள் சாயங்காலம் உங்க வீட்டு மாடிப்படியில நின்னு, 'இந்தக் காசே ஒரு நாள் உங்களை முழுங்கப் போகுது மாமா'ன்னு கத்தியிருக்கான். கீழ் வீட்டுல மூணு பேர் கேட்டிருக்காங்க."

"அன்னிக்கு இவனைப் பார்க்கப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்திருக்காங்க... என் வீட்டுக்காரர் காசு பொறுக்கிட்டு லாண்டரியிலேயே நிக்கறாரு. கோவத்துல கத்தினான் சார். நான் கூடத்தான் கத்தினேன்! என்னையும் பிடிச்சு உள்ள போடுங்க!"

கம்பிக்குப் பின்னாலிருந்து தம்பி தலையைத் தூக்கினான். லிஃப்ட் மெக்கானிக். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"அக்கா... சும்மா இருக்கா. சார், டூல் பையை அன்னிக்கு மாடிப்படியிலேயே மறந்துட்டுப் போயிட்டேன். நேத்து காலையில ஒன்பதரைக்கு வந்து எடுத்துட்டு அப்படியே வேலைக்கு ஓடினேன். ரென்ச் இருக்கா இல்லையான்னு கூடப் பார்க்கலை. சத்தியமா!"

"ரென்ச் இல்லாததைப் பார்க்கலை. சரி. இது இருந்ததையும் பார்க்கலையா?"

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜை மேல் வைத்தார். உள்ளே காசு. ஒரு பக்கம் சிவப்பு!

"உன் டூல் பையோட அடியில கிடைச்சுது தம்பி. இது அசல்தான்னு சங்கச் செயலாளரே எழுதிக் குடுத்துட்டாரு. இல்லையா சார்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த, பழைய நாணயம் சேகரிப்பவர்கள் சங்கச் செயலாளர் மூக்கை உறிஞ்சினார். கழுத்தில் பூதக்கண்ணாடி. கையில் நனைந்த கைக்குட்டை. செத்தவருக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர்.

"நூத்துக்கு நூறு அசல் சார். எடை போட்டுப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டேன். போன ஞாயித்துக்கிழமை இதை என் உள்ளங்கையில வச்சுக் காட்டினாரு. நேத்து மறுபடி பார்க்கலாம்னு பத்தரைக்கு வர்றேன்... வாசல்ல கூட்டம்!"

விசும்பல்.

அவள் கம்பிப் பக்கம் திரும்பினாள். அம்மா செத்தபோது தம்பிக்கு ஏழு வயசு. சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, வேலையில் சேர்த்து, அவனை வளர்த்ததே அவள்தான். நேற்று புருஷன் போனான். இன்று பிள்ளை மாதிரி வளர்த்தவனும் போகப் போகிறான்.

"சார்... அந்தக் காசை ஒரு தடவை நான் பார்க்கலாமா?"

"எதுக்கு?"

"அவர் கடைசியா தொட்டது சார்."

இன்ஸ்பெக்டர் உறையோடு நீட்டினார்.

அவள் பார்த்தாள். சிவப்பு. அதே சிவப்பு. இதற்காகவா... இந்தத் துக்கடாவுக்காகவா?

அப்போது நடையிலிருந்து ஒரு சத்தம்.

டங்!

"சனியனே!" ஏட்டு காப்பி மெஷினை உதைத்துக்கொண்டிருந்தார். "நல்ல காசைத் துப்புது பாருங்க சார்! மூணாவது தடவை!"

டங்!

அவள் நிமிர்ந்தாள்.

மூணாவது தடவை... அந்தக் காசு கிடைத்த அன்று அவர் வீட்டுக்கு வந்து குதித்தது நினைவுக்கு வந்தது. 'மூணு தடவை போட்டேன்டி! மூணு தடவையும் மெஷின் துப்பிடுச்சு! ஒரு பக்கத் தோல் இல்லைல்ல... எடை கம்மி. எந்த மெஷினும் வாங்காது!' அன்றைக்கு அவள், 'மெஷினுக்கு இருக்கற புத்தி உங்களுக்கு இல்லையே' என்று திட்டினாள்.



அடுத்த நொடி...

உறையைக் கிழித்தாள். ஓடினாள்!

"ஏய்! பிடிங்க அவங்களை! அது எவிடென்ஸ்!"

ஏட்டு திரும்புவதற்குள் காசு மெஷின் வாய்க்குள் போய்விட்டது!

கிளக்.

எல்லோரும் மெஷினையே பார்த்தார்கள்.

மெஷின் துப்பவில்லை.

உர்ர்ரென்று உறுமி, ஒரு காகித டம்ளரை இறக்கி, கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஊற்றியது!

"அம்மா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!" இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது.

அவள் சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்தது.

"வாங்கிடுச்சு சார்! மெஷின் வாங்கிடுச்சு! என் வீட்டுக்காரர் காசை எந்த மெஷினும் வாங்காது. அவர் எடுத்ததே மெஷின் துப்பித்தான் சார்! இது வேற காசு!"

இன்ஸ்பெக்டர் மெஷினை ஒரு தடவை பார்த்தார். மெல்லத் திரும்பினார்.

"ஏட்டு, மெஷினைத் திற. நேத்து அந்த வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்த தராசையும் கொண்டு வா."

உண்டியலின் மேலாகவே கிடந்தது சிவப்புக் காசு. எடை போட்டார்கள். பக்கத்தில் ஒரு சாதாரணக் காசைப் போட்டார்கள்.

எடையில் வித்தியாசமே இல்லை!

இன்ஸ்பெக்டர் அதை நகத்தால் அழுத்திச் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது.

"நல்ல காசு மேல செம்பு முலாம்..." என்றார். "எடை போட்டுப் பார்த்தேன்னீங்களே சார்?"

செயலாளரின் மூக்குறிஞ்சல் நின்றது.

"வ... வயசாயிடுச்சு சார். கண்ணு சரியில்லை."

"எடையைத் தராசே பெரிசா எண்ணுல காட்டுது சார். மேஜையில அந்தத் தராசோட விளக்கு எரிஞ்சுட்டிருந்துச்சு. சாகறப்போ அவர் எதையோ எடை போட்டிருக்காரு. நீங்க மாத்தி வச்ச போலியைன்னு நினைக்கிறேன். கண்டுபிடிச்சுட்டாரு. படியில கிடந்த பையில ரென்ச் இருந்துச்சு... அதால அடிச்சுட்டு, போலியை அந்தப் பையிலேயே போட்டுட்டீங்க. ஒன்பதரைக்குப் பையை இவன் எடுத்துட்டான். அப்போ நீங்க வந்தது பத்தரைக்கு இல்ல, அதுக்கு முன்னாடி!"

"அபாண்டம்! நான் இருபது வருஷ..."

"பாக்கெட்ல இருக்கறதை மேஜை மேல வைங்க. இல்ல, ஏட்டு கையை விட்டு எடுப்பாரு."

ஏட்டின் கை, காப்பி மெஷினைக் குடைந்து கிரீஸாகியிருந்தது. செயலாளர் அந்தக் கையைப் பார்த்தார்.

எழுந்து ஓரடி பின்வாங்கினார்.

"வேண்டாம்! நானே வைக்கிறேன்."

சாவிக்கொத்தை வீசினார். போனை வீசினார். சில்லறையை ஒரு பிடியாக அள்ளிக் கொட்டினார். நாலைந்து காசு தரையில் உருண்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாக, பேன்ட்டின் குட்டிப் பையிலிருந்து இன்னும் ஒரே ஒரு காசு.

சாதாரணக் காசு. வெள்ளை முகம்.

ஆனால் அதை மட்டும் அவர் வீசவில்லை. இரண்டே விரலால், விளிம்பை மட்டும் பிடித்து, கைக்குட்டையை விரித்து, அதன் மேல் படுக்க வைத்தார். பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல.

இருபது வருஷப் பழக்கம். விடுமா?

"அது மட்டும் என்ன செல்லப் பிள்ளையா?" என்றபடி இன்ஸ்பெக்டர் பென்சில் முனையால் அதைப் புரட்டினார்.

சிவப்பு!

"கீறாதீங்க சார்...!" என்று அலறினார் செயலாளர். அலறிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கம்பிக்குப் பின்னால் தம்பி சத்தம் போட்டு அழுதான். ஏட்டு சாவியோடு ஓடினார். அக்கா அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இனிமே டூல் பையை எங்கேயாவது மறந்து வச்சே, கொன்னுடுவேன்!" என்றாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல நின்னு பேசற பேச்சாக்கா இது?" என்றான் அவன், கண்ணீருக்கு நடுவில்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையோடு காசை எடுத்துப் போய், விளிம்பைப் பிடித்தே மெஷினில் போட்டார்.

டங்!

துப்பியது.

"அசல்தான்" என்றார்.

செயலாளர் வறண்ட உதட்டை நக்கினார். "சார்... தொண்டை அடைக்குது. குடிக்க ஏதாவது..."

இன்ஸ்பெக்டர் அந்தக் காகித டம்ளரை அவர் முன்னால் நகர்த்தினார்.

"உங்க காசுல வந்த காப்பி சார். ஆறறதுக்குள்ள குடிங்க... நீங்க செஞ்சதுல உருப்படியானது இது ஒண்ணுதான்!"