சத்து மாத்திரை

கொழுந்து பறிக்க ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பூரணியின் காலடியில் மாத்திரை அட்டை வந்து விழுந்தது. அவர்களின் லயத்து வீட்டு வாசலில் கணவனின் அக்கா காளியாயி நின்றிருந்தாள். கையில் தம்பி வீரய்யாவின் கிளினிக் கொப்பி.

"வாத்தியார்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். என் தம்பிக்கு ரத்தப் புத்துநோய். எட்டு மாசமா மறைச்சிருக்க. நீ குடுக்கிறது வைட்டமின் டி... வெறும் சத்து மாத்திரையாம். அக்கரப்பத்தனை பாமசியில சொன்னாங்க. அவன் செத்தா போதும்னு இருக்கியா?"

பூரணி குனிந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். பனி விலகும் நேரத்தில் கணவனை வாசலில் உட்காரவைத்ததற்கு, சோர்ந்துபோனவனை வெயிலில் காயப் போடுகிறாள் என்று ஏற்கெனவே ஏச்சு வாங்கியவள். நோயைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாதென்று வீரய்யா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். காளியாயியின் கணவர் போன வருடம்தான் புற்றுநோயில் இறந்தார். அக்கா தாங்கமாட்டாள் என்பது அவன் பேச்சு.

இப்போதும் அவன் கட்டிலில் தலைகுனிந்தே இருந்தான். அதுதான் அவளைச் சுட்டது.

"என் அப்பா சாவுக்குப் போயி ஒரு நாள்தான் இருந்தேன், உங்கள தனியா விடக்கூடாதுன்னு. அதுக்கும் மதினி என்னைய கல்நெஞ்சுக்காரின்னாங்க. அன்னைக்கும் நீங்க வாய் தொறக்கல. இன்னைக்குமா?"

வீரய்யா எழுந்தான். "அக்கா... அவ மேல தப்பில்ல. நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். இது மெதுவா வளர்ற வகையாம். இப்ப மருந்து வேணாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்தா போதும்னு டொக்டர் சொன்னாரு."

"அப்ப இந்த மாத்திரை?"

பூரணி சொன்னாள்: "இவரு ரத்தத்துல அந்தச் சத்து ரொம்பக் கொறைவு. கொறைவா இருக்கிறவங்களுக்கு நோய் சீக்கிரம் முத்துறத பாத்திருக்காங்களாம். மாத்திரையால நோய் நிக்கும்னு டொக்டர் சொல்லல. எலும்புக்காச்சும் நல்லதுன்னு குடுத்தாரு. ஒரு நாள் தவறாம குடுத்தேன். காலை வெயில்ல உக்காரவச்சதும் அதுக்குத்தான்."

காளியாயி வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள். "உன்னைய கொலகாரின்னு நெனச்சிட்டேனேடி..."

"அத மறக்க எனக்கு நாளாகும் மதினி. அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் வாங்க. டொக்டர்கிட்ட நீங்களே கேளுங்க." கணவன் பக்கம் திரும்பினாள். "இனி உங்களுக்காக நான் பேச்சு வாங்க மாட்டேன்."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காளியாயி பின்னாலேயே ஓடிவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். பூரணி விலகவில்லை. கோபம் தீராமலே, அந்தத் தோளில் முகம் புதைத்து, எட்டு மாதத்து அழுகையையும் அழுதாள்.